‘பார்ட் வரவில்லை, அதுவரை ஓட்டலாம்’ என்கிறார்கள்: ஓட்டலாமா?

சென்னையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கும் நான்கு பக்கக் கடிதத்துக்கு இம்முறை பதில் எழுதுகிறேன். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டேன். வண்டியின் பெயரையும் நிறுவனத்தின் பெயரையும் வெளியிட வேண்டாம் என்று அவரே கேட்டிருக்கிறார்.

அவர் கோயம்பேடு மார்க்கெட்டில் நள்ளிரவுக்குப் பிறகு காய்கறி ஏற்றி, விடிவதற்குள் தியாகராய நகர், மயிலாப்பூர் பகுதிகளில் உள்ள மெஸ்களுக்கும் சிறு ஓட்டல்களுக்கும் இறக்கிக் கொடுக்கிறார். 2021-இல் தவணையில் புதிதாக ஒரு லோடு வேன் வாங்கினார். அதை அவரே ஓட்டுகிறார். தொழில் பிடிபட்டதும், 2024-இல் அதே மாடலில் 2019-ஆம் ஆண்டு தயாரிப்பான இன்னொரு வண்டியைப் பழையதாக வாங்கி, மனைவியின் தம்பியை மாதச் சம்பளத்துக்கு ஓட்ட வைத்திருக்கிறார்.

மூன்று மாதங்களுக்கு முன், முழு லோடுடன் வடபழனி மேம்பாலத்தில் இறங்கிக்கொண்டிருந்தபோது, அவர் ஓட்டிய வண்டியின் பிரேக் பெடல் ‘கல்லை மிதித்தது போல’ இறுகிவிட்டது. இருக்கையிலிருந்து எழுந்து முழு உடம்பின் பாரத்தையும் கொடுத்து மிதித்து, முன்னால் நின்றிருந்த மாநகரப் பேருந்துக்கு ஒரு முழம் இடைவெளியில் நிறுத்தியிருக்கிறார். அன்று பகலே அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் காட்டினார். ஓட்டிப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். மனம் கேட்காமல், தெரிந்த மெக்கானிக்கிடம் 6,800 ரூபாய் கொடுத்து பிரேக் பூஸ்டரை மாற்றினார். சில வாரங்கள் கழித்து ஆயில் மாற்றப் போனபோது, அதே சர்வீஸ் சென்டரின் சூப்பர்வைசர் பேச்சுவாக்கில், “இந்த மாடலுக்கு ஒரு கேம்பெயின் ஓடுகிறது, பூஸ்டருக்குப் போகும் வேக்குவம் ஓஸை மாற்ற வேண்டும், பார்ட் இன்னும் வரவில்லை, வந்ததும் கூப்பிடுகிறோம், அதுவரை ஓட்டலாம்” என்று சொல்லியிருக்கிறார். ஏழு வாரங்கள் ஆகின்றன. அழைப்பு வரவில்லை.

அவருடைய கேள்விகள் இவை. வண்டியை ஓட்டலாமா? வாரண்டி முடிந்த வண்டிக்கும், பழையதாக வாங்கிய வண்டிக்கும் இலவசமாகச் செய்து தருவார்களா? வெளி மெக்கானிக் கை வைத்ததால் உரிமை போய்விட்டதா? வாட்ஸ்அப்பில் வந்த செய்திப்படி புது வண்டியோ முழுப் பணமோ கேட்கலாமா? ஓடாத நாட்களின் நஷ்டத்தை யார் தருவார்கள்? பேசாமல் இரண்டையும் விற்றுவிடலாமா? ஆடி மாதம் குலதெய்வம் கோயிலுக்கு இரண்டு வண்டியிலும் உறவினர்களை ஏற்றிக்கொண்டு போவதாக இருக்கிறார்களாம், அதற்குள் சரியாகிவிடுமா? கடைசியில், “நான்கு வருடமாக ஓடிய வண்டி, எஃப்.சி.யும் (தகுதிச் சான்று) காட்டி வாங்கியாகிவிட்டது, அப்படியெல்லாம் ஒன்றும் ஆகிவிடாது என்று வீட்டில் சொல்கிறார்கள், நானும் அப்படித்தான் நினைத்துக்கொள்கிறேன்” என்று முடித்திருக்கிறார்.

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தில் என்னைக் கலங்க வைத்தது அந்தக் கடைசி வரிதான். நான் வழக்கறிஞர், நஷ்டஈடு பற்றியும் நோட்டீஸ் பற்றியும் பேசுவதுதான் என் வேலை. ஆனாலும் இந்தக் கடிதத்துக்குப் பிரேக்கிலிருந்துதான் பதில் சொல்லத் தொடங்க வேண்டும். உங்கள் மைத்துனர் இன்று இரவும் அந்த இரண்டாவது வண்டியில் ஏறப் போகிறார்.

நீங்கள் மாற்றியது பூஸ்டர். சூப்பர்வைசர் சொன்னது பூஸ்டருக்குப் போகும் ஓஸ், ஒரு ரப்பர் குழாய். இரண்டும் ஒன்றல்ல. என்ஜினிலிருந்து வரும் வேக்குவம், அதாவது உறிஞ்சும் விசை, அந்த ஓஸ் வழியாகப் பூஸ்டருக்கு வந்து, நீங்கள் காலால் கொடுக்கும் அழுத்தத்தைப் பல மடங்காக்கிப் பிரேக்குக்குக் கொடுக்கிறது. ஓஸில் வெடிப்பு விட்டாலோ, அதிலுள்ள ஒருவழி வால்வு சரியாக மூடாவிட்டாலோ, பூஸ்டர் புத்தம் புதியதாக இருந்தாலும் அதற்கு வேக்குவம் வந்து சேராது. பிரேக் அடியோடு போய்விடாது. உங்கள் காலின் பலம் மட்டுமே வேலை செய்யும். காலி வண்டியில், சமதளத்தில், பகலில் ஓட்டிப் பார்த்தவருக்கு அது தெரியாமலும் போகலாம். ஒரு டன்னுக்குக் கிட்டத்தட்ட மூட்டைகள் ஏற்றி மேம்பாலத்தில் இறங்குகிறவருக்குத்தான் தெரியும். உங்கள் வண்டி போன்றவற்றில் என்ஜின் ஓட்டுநர் இருக்கைக்குக் கீழேயே இருப்பதால், அந்த ரப்பர் குழாய் நாள் முழுவதும் வெப்பத்திலேயே கிடக்கிறது. ஆகவே 6,800 ரூபாய் செலவழித்த பிறகும் குறை வண்டியிலேயே இருக்கிறது என்று எடுத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு.

வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய சோதனை ஒன்று உண்டு. சமதளத்தில் வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, என்ஜினை அணைத்துவிட்டுப் பெடலை ஐந்தாறு முறை மிதியுங்கள், அது இறுகும். இறுகிய பெடலைக் காலால் அழுத்தியபடியே என்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள். ஸ்டார்ட் ஆனதும் பெடல் காலுக்கடியில் சற்றே இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் பூஸ்டருக்கு வேக்குவம் வரவில்லை. அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குக்கூடப் போகாதீர்கள், இழுத்துப் போகும் வண்டியை அனுப்பச் சொல்லுங்கள். பெடல் இறங்கிவிட்டது என்பதால் மட்டும் வண்டி நல்ல வண்டி என்றும் ஆகிவிடாது. வெடிப்பு சூட்டில் விரிந்து, ஆறியதும் மூடிக்கொள்வதும் உண்டு. சர்வீஸ் சென்டரில் ஓட்டிப் பார்த்தபோது ‘ஒன்றுமில்லை’ என்று தோன்றியதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

‘நான்கு வருடம் ஒன்றும் ஆகவில்லையே’ என்பது ஆறுதலாக இருக்கிறது. ஆனால் சூப்பர்வைசர் ‘கேம்பெயின்’ என்று சொன்னது ரீகாலைத்தான்: குறையுள்ள வண்டிகளைத் தயாரித்தவரே திரும்ப அழைத்துச் சரிசெய்து தருவது. அப்படி ரீகால் ஆகும் குறைகளில் பல, காலம் ஆக ஆகத்தான் வெளியே வருகின்றன. உலகம் முழுவதும் கோடிக்கணக்கில் திரும்ப அழைக்கப்பட்ட டகாட்டா ஏர்பேக்குகளை எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றின் உள்ளே இருந்த அம்மோனியம் நைட்ரேட், வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த ஊர்களில் வருடக்கணக்கில் இருந்து சிதைந்த பிறகே, விரியும்போது உலோகத் துண்டுகளைச் சிதறடிக்கத் தொடங்கியது. வெப்பமும் ஈரமும் நம் ஊருக்கும் பொருந்தும்.

எஃப்.சி. விஷயமும் அப்படித்தான். சரக்கு வண்டிக்கு முதல் 8 ஆண்டுகள் வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், அதன்பின் ஆண்டுதோறும் எஃப்.சி. காட்ட வேண்டும். அன்றைக்கு அந்த இடத்தில் வண்டியின் பிரேக், விளக்கு, டயர், புகை ஆகியவை எப்படி இருந்தன என்பதற்குத்தான் அது சான்று. உங்கள் சேஸிஸ் எண்ணுக்கு ரீகால் நிலுவையில் இருக்கிறதா என்பதற்கு அது பதில் ஆகாது.

தெரிந்துகொண்ட நாளிலிருந்து

இதுவரை நடந்ததற்கு நீங்கள் பொறுப்பில்லை. ஆனால் சூப்பர்வைசர் அந்த வாக்கியத்தைச் சொன்ன நாளிலிருந்து சட்டத்தின் பார்வையில் உங்கள் நிலை மாறிவிட்டது. இதை நீங்கள் எதிர்பார்த்திருக்க மாட்டீர்கள் என்பது எனக்குத் தெரியும். ஆகவேதான் தெளிவாகச் சொல்கிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-ஆம் பிரிவு, ஆபத்து விளைவிக்கக்கூடிய குறை வண்டியில் இருப்பது தெரிந்தோ, சாதாரணக் கவனத்தில் தெரிந்துகொண்டிருக்கக் கூடிய நிலையிலோ, அதைப் பொது இடத்தில் ஓட்டுபவரை மட்டுமல்லாமல் ஓட்ட அனுமதிப்பவரையும் குற்றவாளியாக்குகிறது. அபராதம் 1,500 ரூபாய்தான். ஆனால் அந்தக் குறையால் விபத்து நடந்து ஒருவருக்குக் காயமோ சொத்துக்குச் சேதமோ ஏற்பட்டால், மூன்று மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் அபராதமோ இரண்டுமோ விதிக்க இடமுண்டு. மைத்துனர் ஓட்டும் வண்டிக்கு நீங்கள்தான் உரிமையாளர், அனுமதிப்பவரும் நீங்களே.

இன்சூரன்ஸிலும் இது வந்து நிற்கும். வண்டியை நல்ல நிலையில் பராமரிக்க உரிமையாளர் நியாயமான எல்லா நடவடிக்கையும் எடுக்க வேண்டும் என்பது மோட்டார் பாலிசிகளில் வழக்கமாக உள்ள நிபந்தனை. எதிரே வந்தவருக்குக் கிடைக்க வேண்டிய மூன்றாம் நபர் இழப்பீட்டை இதைக் காட்டித் தட்டிக்கழிப்பது நிறுவனத்துக்கு எளிதல்ல. ஆனால் உங்கள் சொந்த வண்டியின் சேதத்துக்கு நீங்கள் கேட்கும் பணத்தில் அவர்கள் கை வைக்கலாம். மைத்துனர் உங்களிடம் சம்பளம் வாங்குகிறவர் என்பதால், வேலையில் அவருக்கு அடிபட்டால் இழப்பீட்டுக்குச் சட்டப்படி முதல் பொறுப்பு உங்களுடையது. உங்கள் பாலிசியில் சம்பள ஓட்டுநருக்கான கூடுதல் பிரீமியம் கட்டியிருக்கிறதா என்று இன்றே எடுத்துப் பாருங்கள்.

‘அதுவரை ஓட்டலாம்’ என்று சூப்பர்வைசர் சொன்னதை நம்பலாமா என்று கேட்கிறீர்கள். ரீகால்கள் எல்லாம் ஒரே தரத்தவை அல்ல. 2020 நவம்பரில் மாருதி சுசுகியின் ஈகோ வேன்கள் 40,453 திரும்ப அழைக்கப்பட்டது, ஹெட்லைட்டில் இருக்க வேண்டிய ஒரு தரக்குறியீடு விடுபட்டிருந்ததற்காக. 2023 ஜூலையில் ஈகோவும் எஸ்-பிரெஸ்ஸோவுமாக 87,599 வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டது, ஸ்டீயரிங் டை ராட் உடைந்துவிடக் கூடும் என்பதற்காக. முன்னதற்கு ஒரு மாதம் பொறுத்திருக்கலாம்; பின்னதற்கு ஒரு நாளும் பொறுக்கக் கூடாது. உங்களுடையது பிரேக். உங்கள் வண்டியிலோ அந்தக் குறை ஏற்கெனவே ஒருமுறை தலைகாட்டிவிட்டது. ஆகவே என் பதில்: ஓஸ் மாறும் வரை லோடு ஏற்றி ஓட்டாதீர்கள், இரண்டு வண்டியையும். வேறு வழியே இல்லை, ஓட்டலாம் என்று நிறுவனம் சொல்லுமானால், அதைச் சேஸிஸ் எண்ணைக் குறிப்பிட்டு எழுத்தில் தரச் சொல்லுங்கள். வாயால் சொன்னவரைப் பிறகு யாரும் கண்டுபிடிக்க முடியாது.

பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் அதே அளவு ஓஸ் கிடைக்கும், 300 ரூபாயில் முடித்துவிடலாம் என்று உங்கள் மெக்கானிக் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம். ஓடிக் கழித்த வண்டியிலிருந்து கழற்றிய ஓஸ் எத்தனை வருடம் சூட்டில் இருந்தது என்று யாருக்கும் தெரியாது. வேக்குவத்தைத் தாங்காத சாதாரண ரப்பர் குழாயாக இருந்தால் உள்வாங்கி ஒட்டிக்கொள்ளும்.

வாரண்டியும் ரீகாலும்

வாரண்டி என்பது விற்பவர் உங்களோடு செய்துகொண்ட ஒப்பந்தம். இத்தனை வருடம், இத்தனை கிலோமீட்டர் என்று அதற்கு எல்லை உண்டு. பாதுகாப்பு ரீகால் அப்படியல்ல. தயாரிப்பிலேயே இருந்த ஆபத்தான குறையைத் தயாரித்தவரே நீக்கித் தருவது அது. மாறும் பாகத்துக்கும் கூலிக்கும் உங்களிடம் பணம் கேட்கக் கூடாது. இந்தியாவில் 2012 முதல் வாகனத் தயாரிப்பாளர் சங்கமான சியாமின் தன்னார்வ நெறிமுறைப்படிதான் இது நடந்துவந்தது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது 110ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டு, 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. தன் வண்டியில் குறை இருப்பதை அறியும் தயாரிப்பாளர் மத்திய அரசுக்குத் தெரிவித்து ரீகாலைத் தொடங்க வேண்டும் என்பது இப்போது சட்டக் கடமை. தானாக முன்வந்து செய்தால் அபராதம் இல்லை. செய்யாமல் இருந்து அரசு உத்தரவிட நேர்ந்தால், மத்திய மோட்டார் வாகன விதிகளின் 127சி-யின்படி வண்டியின் வகையையும் எண்ணிக்கையையும் பொறுத்து 1 கோடி ரூபாய் வரை கட்ட வேண்டி வரும்.

ரீகால் வண்டியின் சேஸிஸ் எண்ணோடு ஒட்டியது, வாங்கியவரின் பெயரோடு அல்ல. ஆகவே பழையதாக வாங்கிய இரண்டாவது வண்டிக்கும் அதே உரிமை உண்டு. உங்களுக்குக் கடிதம் வராததன் காரணம் அநேகமாக இதுதான்: நிறுவனத்தின் பதிவில் அந்த வண்டிக்கு இன்னும் முதல் உரிமையாளரின் முகவரியும் கைபேசி எண்ணுமே இருக்கும். முதல் வண்டிக்கும், 2021-க்குப் பிறகு நீங்கள் வீடு மாறியதாகவோ எண் மாற்றியதாகவோ இருந்தால் அதே கதைதான். இரண்டு ஆர்.சி.யையும் எடுத்து, 17 எழுத்தும் எண்ணுமான சேஸிஸ் எண்ணை நிறுவனத்தின் இணையதளத்தில் ரீகால் பக்கத்தில் இட்டுப் பாருங்கள். திரையில் வரும் பதிலைத் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். பேச்சுவாக்கில் கேட்ட ஒரு செய்தி அப்போதுதான் ஆதாரமாக மாறும்.

வெளி மெக்கானிக் கை வைத்ததைக் காரணம் காட்டி ரீகால் வேலையை மறுக்க முடியாது. குறை தொழிற்சாலையிலிருந்து வந்தது. ஆனால் அந்த 6,800 ரூபாயைத் திரும்பக் கேட்பதற்கு உங்கள் கையிலுள்ள கையெழுத்துச் சீட்டு பலவீனமானது. மெக்கானிக்கிடம் வண்டி எண், தேதி, கிலோமீட்டர், மாற்றிய பாகம் எல்லாம் குறிப்பிட்டு முறையான ரசீது வாங்குங்கள். கழற்றிய பழைய பூஸ்டர் அவர் பட்டறையின் மூலையில் இன்னும் கிடக்கலாம். அதையும் வாங்கிக்கொண்டு வாருங்கள்.

நீங்கள் அனுப்பிய ஜாப் கார்டு நகலைப் பூதக்கண்ணாடி வைத்துத்தான் படித்தேன். மூன்றாவது கார்பன் பிரதி. ‘கஸ்டமர் வாய்ஸ்’ என்ற கட்டத்தில் “பிரேக் ஹார்டு, லோடில்” என்றும், எதிரே “செக்டு, ஓ.கே.” என்றும் இருக்கிறது, கீழே தேதி, கிலோமீட்டர், உங்கள் கையெழுத்து. இதை நீங்கள் பயனற்ற தாள் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களிடம் இருப்பதிலேயே வலுவான ஆவணம் இதுதான். ரீகாலுக்கு உட்பட்ட ஒரு மாடல், ரீகாலுக்குக் காரணமான அதே அறிகுறியோடு அவர்களிடம் வந்தது, அவர்கள் ஓ.கே. என்று எழுதி லோடு ஏற்ற அனுப்பினார்கள் என்பதை அவர்களுடைய கையெழுத்திலேயே இது சொல்கிறது. கார்பன் எழுத்து மங்குவதற்குள் நல்ல நகல்கள் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தத் தேதிக்கு முன்பே ரீகால் அறிவிக்கப்பட்டிருந்ததா என்பதைக் கண்டுபிடிப்பது மிக முக்கியம்; ஆம் என்றால், தெரிவித்திருக்க வேண்டிய தகவலை மறைத்தார்கள் என்று வாதிட வழி திறக்கிறது.

புது வண்டி கிடைக்குமா?

வாட்ஸ்அப்பில் வந்தது முழுப் பொய்யல்ல, பாதி உண்மை. 110ஏ பிரிவில் முழு விலையைத் திருப்பித் தருவது, வேறு வண்டி தருவது, பழுது நீக்கித் தருவது என்று மூன்றும் இருக்கின்றன. ஆனால் அவை அரசு உத்தரவிட்டு நடக்கும் ரீகாலுக்கானவை. அப்போதும் மூன்றில் எது என்று தேர்ந்தெடுக்கும் உரிமை வாங்கியவருக்கு என்று சட்டம் சொல்லவில்லை. உங்கள் விஷயத்தில் நடப்பது நிறுவனமே தொடங்கிய ரீகால் என்றே தெரிகிறது. ஓர் ஓஸை மாற்றித் தீர்க்கக்கூடிய குறைக்கு முழு வண்டியையும் மாற்றித் தரும்படி எந்த நுகர்வோர் ஆணையமும் எளிதில் உத்தரவிடாது. 2006-இல் ஒரு கார் வழக்கில், குறையுள்ள பாகத்தை மாற்ற முடிகிறபோது வண்டியையே மாற்றச் சொல்வது சரியல்ல என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஓஸை மாற்றிய பின்னும் அதே குறை திரும்பத் திரும்ப வந்தால் நிலைமை வேறு. அப்போது என்னிடம் மீண்டும் எழுதுங்கள்.

ஓடாத நாட்களின் நஷ்டம்

இங்கேதான் உங்கள் வழக்கின் சிக்கலான முடிச்சு இருக்கிறது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வணிக நோக்கத்துக்காகப் பொருள் வாங்குபவரை நுகர்வோராக ஏற்பதில்லை. ஆனால் தன் பிழைப்புக்காக, சுயதொழிலுக்காகவே வாங்கிப் பயன்படுத்துவது வணிக நோக்கம் ஆகாது என்று அதே சட்டம் விலக்கும் தருகிறது. கோவை பி.எஸ்.ஜி. இன்ஸ்டிடியூட் எதிர்த்தரப்பாக இருந்த லட்சுமி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் வழக்கில், 1995-இல், உச்ச நீதிமன்றம் உங்கள் தொழிலுக்கு வெகு அருகிலேயே ஓர் உதாரணம் கொடுத்தது: ஆட்டோவோ லாரியோ வாங்கித் தானே ஓட்டிப் பிழைப்பவர் நுகர்வோர், உதவிக்கு ஒன்றிரண்டு பேரை வைத்துக்கொண்டாலும் நுகர்வோர்தான், வாங்கி முழுக்க வேறொருவரை ஓட்ட விடுபவர் அப்படியல்ல.

இந்த அளவுகோலில் உங்கள் முதல் வண்டி தெளிவாக உள்ளே வருகிறது. இரண்டாவது வண்டியை மைத்துனர்தான் ஓட்டுகிறார். போதாக்குறைக்குத் தயாரிப்பாளரிடமிருந்து நீங்கள் அதை நேரடியாக வாங்கவும் இல்லை. இரண்டையும் ஒரே புகாரில் சேர்த்தால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் இரண்டாவது வண்டியைக் காட்டி, “இவர் வண்டிகள் வைத்து வாடகை பார்க்கும் வியாபாரி” என்று முதல் வண்டியின் கோரிக்கையையும் சேர்த்துத் தள்ளப் பார்ப்பார். நானாக இருந்தால் நஷ்டஈட்டுப் புகாரை முதல் வண்டிக்கு மட்டும் போடுவேன். இரண்டாவதற்கு ரீகால் வேலையை இலவசமாக முடித்துக்கொள்வதோடு நிறுத்திக்கொள்வேன்.

இன்னொன்றிலும் கவனம் வேண்டும். அதே சட்டத்தில் உள்ள ‘தயாரிப்புப் பொறுப்பு’ அத்தியாயத்தைக் காட்டி வருமான இழப்பைக் கேட்கலாம் என்று உங்கள் நண்பர் சொல்லியிருக்கிறார். அந்த அத்தியாயத்துக்கான ‘தீங்கு’ என்ற வரையறை உயிர், உடல், வேறு சொத்து ஆகியவற்றுக்கு நேரும் சேதத்தைச் சேர்த்துக்கொண்டு, வணிக இழப்பை வெளிப்படையாக விலக்கிவிடுகிறது. நீங்கள் நிற்க வேண்டிய இடம் ‘சேவைக் குறைபாடு’: ரீகால் இருப்பதைத் தெரிவிக்காமல் ஓ.கே. என்று அனுப்பியது, ஏழு வாரமாக ஓர் ஓஸைத் தராமல் வைத்திருப்பது. வேண்டுமென்றே தகவலை மறைப்பதும் குறைபாடு என்று சட்டத்தின் 2(11) பிரிவு சொல்கிறது. எவ்வளவு நஷ்டம் என்பதற்குக் கணக்கு வேண்டும். ஓட்டல்காரர்களிடமிருந்து யு.பி.ஐ.யில் வந்த பணத்தின் ஆறு மாத விவரம், வண்டி நின்ற நாட்களில் வாடகை வண்டிக்குக் கொடுத்த ரசீது, தவணை கட்டிய விவரம் ஆகியவற்றை எடுத்துவையுங்கள். ‘நாளுக்கு இரண்டாயிரம் போயிற்று’ என்று சொன்னால் ஆணையம் தன் மனம்போல் ஒரு தொகையைப் போடும். ரசீது வைத்தால் கணக்குப் போடும்.

முதல் வண்டியின் விலை 10 லட்சத்துக்குள் இருப்பதால் மாவட்ட ஆணையத்திலேயே புகார் தரலாம். கட்டணம் 200 ரூபாய்க்கு மேல் போகாது. நீங்கள் குடியிருக்கும் இடத்துக்குரிய ஆணையத்திலேயே போட உரிமை உண்டு, நிறுவனத்தின் தலைமை அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும். கெடு இரண்டு ஆண்டுகள். ஜாப் கார்டின் தேதியிலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள்.

முதலில் எழுத வேண்டிய கடிதம்

ஆணையத்துக்குப் போகும் முன் ஒரு கடிதம் போதுமானதாக இருக்கும் என்றே நம்புகிறேன். சர்வீஸ் சென்டருக்கும் நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவுக்கும் ஒரே கடிதத்தை மின்னஞ்சலிலும், பெற்றதற்கான ஒப்புகையோடு தபாலிலும் அனுப்புங்கள். இரண்டு வண்டிகளின் பதிவெண், சேஸிஸ் எண், வடபழனியில் நடந்தது, ஜாப் கார்டு எண், சூப்பர்வைசர் சொன்ன தேதி ஆகியவற்றை எழுதி, நான்கு விஷயங்களைக் கேளுங்கள்: ரீகால் எந்தத் தேதியில் அறிவிக்கப்பட்டது; பாகம் எந்தத் தேதிக்குள் வரும்; அதுவரை லோடு ஏற்றி ஓட்டலாமா, கூடாதா; கூடாதென்றால் மாற்று வண்டியோ வாடகையோ தருவீர்களா. 15 நாள் அவகாசம் கொடுங்கள். மாற்று வண்டி தர வேண்டும் என்று சட்டத்தில் கட்டாயம் இல்லை. ஆனாலும் கேட்ட கேள்விக்கு எழுத்தில் ‘ஓட்டலாம்’ என்று பதில் தர எந்த நிறுவனத்தின் சட்டப் பிரிவும் தயங்கும். அந்தத் தயக்கத்தில்தான் பல இடங்களில் பாகம் ஒரு வாரத்தில் வந்து சேர்வதைப் பார்த்திருக்கிறேன்.

பதில் இல்லாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். மத்திய அரசின் வாகன் தளத்திலுள்ள வாகன ரீகால் பக்கத்திலும் இரண்டு வண்டிகளுக்கும் தனித்தனியே பதிவு செய்யுங்கள். அதனால் உங்களுக்கு நேரடியாகப் பணம் வராது. ஒரே குறையைக் குறிப்பிட்ட எண்ணிக்கையிலான உரிமையாளர்கள் தெரிவித்தால் அரசு கட்டாய ரீகாலை நோக்கி நகர முடியும், அந்த எண்ணிக்கையில் உங்களுடையதும் சேரும். அந்த விதி தயாரித்து 7 ஆண்டுக்கு உட்பட்ட வண்டிகளுக்கே என்பதால், 2019 வண்டிக்குத் தாமதிக்க வேண்டாம்.

விற்றுவிடுவது பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. குறையைச் சொல்லி விற்றால் விலை கிடைக்காது. தெரிந்தே மறைத்து விற்றால் ஒப்பந்தச் சட்டத்தில் அது மோசடி. வாங்கியவர் இன்னொரு மேம்பாலத்தில் இறங்குவார். ஓஸ் மாறியதும், அது மாற்றப்பட்டதற்கான ஜாப் கார்டோடு விற்றால் உங்கள் வண்டிக்கு அதுவே மதிப்பு.

ஆடி மாதப் பயணம் ஒன்று மீதி இருக்கிறது. ஓஸ் மாறிவிட்டாலும் அந்தப் பயணத்தை லோடு வேனில் வைக்காதீர்கள். சரக்கு வண்டியின் பின்னால் ஏற்றிச் செல்லப்படும் ஆட்களுக்கு இன்சூரன்ஸ் நிறுவனம் பொறுப்பில்லை என்று உச்ச நீதிமன்றம் இருபது ஆண்டுகளுக்கு முன்பே சொல்லிவிட்டது. ஏதாவது நடந்தால் உங்கள் மாமியார், குழந்தைகள், மைத்துனர் குடும்பம் எல்லோருக்குமான இழப்பீடும் உங்கள் தலையில்தான் விழும். பதினைந்து பேருக்கு ஒரு டூரிஸ்ட் வேனை இப்போதே முன்பதிவு செய்துவிடுங்கள். ஆடி வெள்ளிகளில் கடைசி நேரத்தில் வண்டி கிடைக்காது.